எஃப்-டிஆர் போட்டிக்கு எந்த பைபாட்: ஹாரிஸ் போதுமா, அகலக் கால் வேண்டுமா?

வலதுகண்

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை 300, 600 கஜத்தில் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த பருவத்தில் எஃப்-டிஆர் பிரிவில் (எஃப்-கிளாஸ் என்ற நெடுந்தூர ரைஃபிள் போட்டியில், முன்னால் பைபாட் என்ற இருகால் தாங்கியும் பின்னால் ஒரு பையும் வைத்துச் சுடும் பிரிவு) 1000 கஜம் வரை இறங்கிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். ரைஃபிள் .308, கனமான பேரல். ஸ்கோப்போடு சேர்த்து, பைபாட் இல்லாமல் 7.6 கிலோ. இப்போது மாட்டியிருப்பது ஹாரிஸ் நிறுவனத்தின் பைபாட், 6-லிருந்து 9 அங்குலம் வரை நீளும், பக்கவாட்டில் சாயும் மாடல். ஸ்லிங் ஸ்டட்டில் (தோள்வாரை மாட்டும் சிறு குமிழில்) நிற்கிறது.

பிரச்சினை இதுதான். ஒவ்வொரு குண்டுக்கும் வலது கால் தரையை விட்டுக் கிளம்புகிறது, ரைஃபிள் இடப்பக்கம் சரிந்து உட்காருகிறது. ஸ்கோப்பில் பார்த்தால் பக்கத்து இலக்கு தெரிகிறது. மறுபடி முதலிலிருந்து உடம்பையும் பையையும் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. அதற்குள் காற்று மாறிவிடுகிறது.

அட்லஸ் வாங்கு என்கிறார் ஒருவர், ஜாய்பாட் வாங்கு என்கிறார் இன்னொருவர். பிஆர்எஸ் போட்டிகளிலும் (நேரக் கட்டுப்பாட்டில் இடம் மாறி மாறிச் சுடுவது) எப்போதாவது கலந்துகொள்ள ஆசை. இரண்டுக்கும் பொருந்தும் ஒரே பைபாட் உண்டா?

மணல்பை

பைபாட் எது என்பதற்கு முன்னால் விதிப்புத்தகத்தைத் திறந்து வையுங்கள். எஃப்-டிஆரில் மொத்த எடை 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. அந்தக் கணக்கில் ஸ்கோப், பைபாட், ரைஃபிளில் ஒட்டியிருக்கும் எல்லாமும் அடக்கம். பின்பை மட்டும் சேராது. உங்களிடம் மிச்சம் 650 கிராம். போட்டி நாளில் தராசு மாறினால் சில கிராம் முன்னே பின்னே காட்டும், அதற்கும் இடம் விடுங்கள். ஆக 600 கிராமுக்குள் அடங்கும் பைபாட்தான் உங்களுக்குச் சரி. முக்கால் கிலோ இரும்பையெல்லாம் இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

இன்னொன்று, எஃப்-கிளாஸில் மஸில் பிரேக் (பேரல் முனையில் மாட்டி உதைப்பைக் குறைக்கும் கருவி) கிடையாது. உதைப்பு முழுவதும் உங்கள் தோளுக்கும் பைபாடுக்கும்தான் வரும். பிஆர்எஸ்காரர்கள் பரிந்துரைப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு முதல் காரணம் இதுதான்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: எஃப்-கிளாஸில் உள்ள எஃப், கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபார்குவர்சனின் பெயரிலிருந்து வந்தது. கண்ணும் தோளும் தளர்ந்த பிறகு ஸ்லிங்கும் இரும்புக் குறியும் வைத்துச் சுட முடியாதவர்கள் தொடர்ந்து சுட வழி செய்தவர் அவர். அந்த மரியாதையை மறக்கக் கூடாது. சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப்பின் ரைஃபிள் போட்டிகளில் பைபாடே கிடையாது, அங்கே போகிறவர்கள் இந்த இழையைத் தாண்டிப் போகலாம்.

நெடுந்தூரன்

வலதுகண், நீங்கள் சொன்ன அறிகுறி ரொம்பத் தெளிவானது. வலது கால் கிளம்பி இடப்பக்கம் சரிகிறது என்றால் அது பேரலின் முறுக்கு, அதாவது உள்ளே குண்டைச் சுழல வைக்கும் திருகுப் பள்ளங்களின் வேலை. வழக்கமான வலது முறுக்குப் பேரலில் குண்டு, பின்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழன்றுகொண்டு போகிறது. அதற்கு எதிர்வினையாக ரைஃபிள் இடஞ்சுழியாகத் திரும்பப் பார்க்கும். இடது கால் தரையில் அழுந்தும், வலது கால் மேலே எழும். 200 கிரெய்ன் போன்ற கனமான குண்டு என்றால் இது இன்னும் நன்றாகத் தெரியும். சிறிய .223 தோட்டாவில் அவ்வளவாகத் தெரியாது.

இதை எதிர்க்க இரண்டே வழி. கால்களை அகலமாக விரிக்க வேண்டும், பேரலின் அச்சைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். ஹாரிஸ் கால்கள் குறுகலாக நிற்கின்றன, ரைஃபிளும் அவற்றின் மேல் உயரமாக உட்கார்ந்திருக்கிறது. வேட்டைக்கும் ரோந்துக்கும் அது வசதி. மடக்கினால் பேரலோடு ஒட்டிக்கொள்ளும், புதரில் மாட்டாது. எஃப்-டிஆரில் அந்த வசதி எதற்கு? நீங்கள் எங்கேயும் ஓடப் போவதில்லை. அதனால்தான் எஃப்-டிஆருக்கென்றே செய்யும் பைபாட்கள் தவளை மாதிரி காலை விரித்துத் தரையோடு தரையாகக் கிடக்கின்றன. சிங்க்ளேர், ஃபீனிக்ஸ், டூப்ளின், செபாஸ்டியன் லம்பாங் வடிவமைத்த செப் ஜாய்பாட் எல்லாமே இந்த வகை. அரை கிலோவை ஒட்டிய எடையில் நிறையக் கிடைக்கின்றன, உங்கள் 600 கிராமுக்குள் வரும்.

பாதத்தையும் கவனியுங்கள். ஹாரிஸில் ரப்பர் குமிழ், அது தரையைப் பிடிக்கும். அகலக் கால்களில் பனிச்சறுக்குப் பலகை மாதிரி தட்டையான பாதம், அது வழுக்கும். இந்த இரண்டும் வேறு வேறு விதமாகச் சுடக் கற்றுக்கொடுக்கின்றன. ரப்பர் பாதமாக இருந்தால் தோளால் முன்னே தள்ளி, கால்களில் உள்ள தொய்வை எடுத்துவிட்டுச் சுடுகிறோம். அந்தத் தள்ளு ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குண்டு மேலும் கீழுமாகப் போகும். வழுக்கும் பாதத்தில் தள்ளவே முடியாது. ரைஃபிள் தண்டவாளத்தில் போவது போல நேராகப் பின்னால் வருகிறது, நீங்கள் அதே கோட்டில் முன்னே நகர்த்துகிறீர்கள். ரெட்டிகிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு) திரும்பவும் அதே இலக்கில் வந்து நிற்கும். 20 குண்டுகளை ஒரே மாதிரி அனுப்ப இதுதான் சுலபமான வழி என்பது என் உறுதியான கருத்து.

பட்டறைக்காரர்

நெடுந்தூரன் சொன்ன இயற்பியலில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் புதுசு வாங்கும் முன் இருப்பதைச் சோதித்துப் பாருங்கள் தம்பி. குற்றம் முழுவதும் ஹாரிஸுடையதாக இருக்காது.

ரைஃபிள் காலியாக இருக்கிறதா என்று பார்த்து, போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். பைபாட்மேல் நிறுத்தி, ஒரு கையால் காலைத் தரையோடு அழுத்திப் பிடியுங்கள், இன்னொரு கையால் ஸ்டாக்கின் (ரைஃபிளின் கட்டையின்) முன்பகுதியை இடமும் வலமும் மெதுவாகத் திருகுங்கள். எங்கே அசைகிறது என்று கட்டைவிரலை வைத்துப் பாருங்கள். ஸ்டட் ஸ்டாக்கில் திரிகிறதா, பைபாடின் தாடை ஸ்டட்டைச் சரியாகக் கவ்வவில்லையா, சாயும் மூட்டு தளர்ந்திருக்கிறதா? ஹாரிஸின் சாய்வு மூட்டைக் கையால் மட்டும் இறுக்கினால் பல நேரம் போதாது. அதற்கென்றே நெம்புகோல் வைத்து விற்கிறார்கள், அதைப் போட்டால் பாதி ஆட்டம் அடங்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு துண்டுக் காகிதத்தைப் பேரலுக்கும் ஸ்டாக்கின் முன்பகுதிக்கும் இடையே விடுங்கள். படுத்து, சுடும்போது எவ்வளவு தோள் கொடுப்பீர்களோ அவ்வளவு கொடுங்கள். அந்த நிலையில் இன்னொருவரை விட்டுக் காகிதத்தை இழுக்கச் சொல்லுங்கள். சிக்கினால் உங்கள் ஸ்டாக் வளைந்து பேரலைத் தொடுகிறது என்று பொருள். அப்படியிருக்க எவ்வளவு உசத்தியான பைபாட் வாங்கினாலும் பயன் இருக்காது. பிளாஸ்டிக் ஸ்டாக்குகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

வலதுகண்

அண்ணா, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். காகிதம் தாராளமாக வந்துவிட்டது, பேரல் தப்பித்தது. ஆனால் ஸ்டட் திரிகிறது. கட்டைவிரலை வைத்தால் 'டிக்'கென்று ஒரு அசைவு தெளிவாகத் தெரிகிறது. சாய்வு மூட்டும் நான் நினைத்த அளவு இறுக்கமாக இல்லை.

இரண்டையும் இறுக்கிய பிறகு சுட்டுப் பார்த்தேன். பக்கத்து இலக்குக்குப் போவது நின்றது. ஆனாலும் வலது கால் இன்னும் கிளம்புகிறது, ரெட்டிகிள் என் இலக்கின் இடது ஓரத்தில் போய் நிற்கிறது.

பட்டறைக்காரர்

நல்லது. இனி மிச்சம் இருப்பது நெடுந்தூரன் சொன்ன முறுக்கு. அதற்கு அகலம்தான் மருந்து. ஸ்டட்டைக் கழற்றிவிட்டு, ஸ்டாக்கின் அடியில் ஒரு ரெயில் போடுங்கள். போட்டிக்கு ஸ்டட் வேண்டாம். ஒரே திருகில் நிற்கும் எதுவும் என்றைக்காவது ஒரு நாள் திரியும்.

மேடுபள்ளம்

நான் பிஆர்எஸ் பக்கம். "இரண்டுக்கும் ஒரே பைபாட்" என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில்: வேண்டாம்.

எங்கள் போட்டியில் ஒரு கட்டத்துக்கு 90 விநாடி, சில இடங்களில் 2 நிமிடம். அதற்குள் பலகைத் தடுப்பு, கூரைச் சரிவு, டயர், பாறை என்று இடம் மாறிக்கொண்டே இருப்போம். காலை ஒரு கையால் நீட்ட வேண்டும், மடக்க வேண்டும், ஒரு கால் நீளமும் ஒரு கால் குட்டையுமாக வைக்க வேண்டும். சரிவில் ரைஃபிளைப் பக்கவாட்டில் நிறையச் சாய்த்துச் சமன்படுத்த வேண்டும். எம்டிடி நிறுவனத்தின் சிகேஒய்இ-பாட் இதற்காகவே பிறந்தது. உயரமும் போகும், கால் அகலத்தையும் மாற்றலாம், சாய்வும் தாராளம். அட்லஸும் நன்றாக உழைக்கும். காலை 45 டிகிரி முன்னே சாய்த்து வைத்துத் தோள் கொடுத்தால் பாறை மாதிரி நிற்கும். ஆனால் பிடி-10 மாடலில் சாய்வு பக்கத்துக்கு 15 டிகிரிதான், கரடுமுரடான தரையில் சில நேரம் அது போதவில்லை.

எங்களுக்கு மஸில் பிரேக் உண்டு, பெரும்பாலும் 6 மி.மீ. தோட்டாக்கள். உதைப்பே குறைவு. எங்களுக்கு முக்கியம், சுட்ட குண்டு எங்கே விழுந்தது என்பதை ஸ்கோப்பிலேயே பார்க்க முடிவது. அதற்குப் பைபாட் துள்ளாமல் இருந்தால் போதும், வழுக்க வேண்டிய அவசியம் இல்லை. வழுக்கும் பாதத்தைத் தடுப்புப் பலகை மேல் வைத்தால் ரைஃபிள் கீழே போய்விடும்!

ஒரே ரைஃபிளை இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். ஸ்டாக்கின் அடியில் ஆர்கா ரெயிலை (பைபாடை நெம்பால் கவ்வி மாட்டும் தட்டையான பட்டையை) முழு நீளத்துக்குப் போடுங்கள். எஃப்-டிஆர் நாளில் அகலக் கால், எங்களோடு வரும் நாளில் வேறு பைபாட். நெம்பைத் திறந்து மாற்றச் சில விநாடிகள் போதும். ரெயில் எடை 8.25 கிலோவுக்குள் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெடுந்தூரன்

சாய்வு பற்றி மேடுபள்ளம் சொன்னதால் ஒரு கணக்கைப் போட்டு வைக்கிறேன். 1000 கஜத்தில் .308-க்கு ஸ்கோப்பில் ஏற்ற வேண்டியது சுமார் 11 மில் (ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ரைஃபிள் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் அந்த ஏற்றத்தில் 0.19 மில் பக்கவாட்டில் போய்விடும். 1000 கஜம் என்பது 914 மீட்டர், ஆக 17 செ.மீ.க்கு மேல். இலக்கின் மைய வளையம் குறுக்களவில் சுமார் 10 அங்குலம், நடுவிலிருந்து ஓரத்துக்கு 12.7 செ.மீ. தான். அதாவது சரியாகச் சுட்ட குண்டும், ரைஃபிள் ஒரு டிகிரி சாய்ந்ததால் மட்டுமே வளையத்துக்கு வெளியே விழும். காற்றைத் தப்பாகப் படித்துவிட்டோம் என்று நினைத்துத் திருத்துவோம், அடுத்த குண்டு மறுபக்கம் போகும்.

எல்லாக் குண்டுக்கும் அதே சாய்வு இருந்தால் பிரச்சினை இல்லை, திருத்திக்கொள்ளலாம். மாறிக்கொண்டே இருப்பதுதான் கெடுக்கும். அதனால் சாயும் மூட்டு உள்ள பைபாட் வாங்கினால் அது பூட்டப்படுகிறதா என்று பாருங்கள். பூட்டு இல்லாமல் உராய்வில் மட்டும் நிற்கும் மூட்டு எனக்கு ஒத்துவராது. ஸ்கோப்மேல் ஒரு நீர்மட்டக் குமிழ் போட்டு, ட்ரிகரைத் தொடும் முன் அதைப் பார்க்கும் பழக்கமும் வர வேண்டும்.

தேன்சிட்டு

நான் ஜாய்பாட் வைத்து எஃப்-டிஆர் சுடுகிறேன். நெடுந்தூரன் அண்ணன் வழுக்கும் பாதத்தைப் பற்றிச் சொன்னது சரி, ஆனால் அது தானாக நடப்பதில்லை.

ஜாய்பாடில் பின்னால் நீளமாக ஒரு கம்பி வரும். இடது கையால் அதைப் பிடித்து மெல்ல நகர்த்தினால் ரெட்டிகிள் மேலும் கீழும் பக்கமும் போகும். காற்று மாறும்போது நடுவிலிருந்து அரை வளையம் தள்ளிப் பிடிக்க நொடியில் முடியும். பழகியவருக்குக் கை நீண்டது போல இருக்கும். ஆனால் கம்பியைப் பிடித்துக்கொண்டே சுட்டால் உங்கள் பிடியின் இறுக்கம் குண்டில் தெரியும். குறி வந்ததும் நான் கையை எடுத்துவிடுவேன். சிலர் எடுப்பதில்லை, அவர்களும் நன்றாகத்தான் சுடுகிறார்கள். ஆக, எது செய்தாலும் எப்போதும் அதையே செய்யுங்கள்.

அடுத்தது ஸ்டாக்கின் பின்பகுதி அடிக்கோடு. பலரும் இதைப் பார்ப்பதே இல்லை. பின்பையின் மேல் உட்காரும் அந்த அடிக்கோடு பேரலுக்கு இணையாக இல்லாமல் சரிவாக இருந்தால், ரைஃபிள் பின்னால் வழுக்கும்போது ஸ்டாக் ஏறும் அல்லது இறங்கும். பைபாட் நேராகத்தான் ஓடும், ரெட்டிகிள் மட்டும் இலக்கில் சாய்வாகப் பயணம் செய்யும். வேட்டை ஸ்டாக்குகளில் இந்தச் சரிவு நிறையவே உண்டு. அப்படி உள்ளவர்களுக்கு வழுக்கும் பைபாட் எதிர்பார்த்த பலன் தராது.

உடம்பும் ரைஃபிளுக்கு நேர் பின்னால் இருக்க வேண்டும். கோணலாகப் படுத்தால் எந்தப் பைபாடும் பக்கவாட்டில்தான் போகும்.

மணல்பை

தேன்சிட்டு சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். பைபாடை முடிந்த அளவு முன்னே மாட்டுங்கள். பைபாடுக்கும் பின்பைக்கும் இடையே 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பின்பையில் 1 மி.மீ. அசைந்தால் 1.25 மில், 1000 கஜத்தில் ஒரு மீட்டருக்கு மேல். அதையே 100 செ.மீ. ஆக்கினால் அதே 1 மி.மீ. அசைவு 1 மில்லாகக் குறைகிறது. எடை கூடாமல், செலவும் இல்லாமல் கிடைக்கிற முன்னேற்றம் இது. முன்னே போகப் போக ஸ்டாக் வளையாமல் இருக்கிறதா என்று மறுபடி அந்தக் காகிதச் சோதனையைச் செய்யுங்கள்.

வலதுகண்

என் ஸ்டாக்கின் அடிக்கோடு கிட்டத்தட்ட நேர்தான், நல்லவேளை. தரை பற்றி யாரும் சொல்லவில்லையே? ஒரு மைதானத்தில் புல், இன்னொன்றில் சரளைக்கல், வேறு ஒன்றில் சிமெண்ட் மேடை. வழுக்கும் பாதத்தைச் சரளையில் எப்படி வைப்பது?

தேன்சிட்டு

வெறும் தரையில் வைக்கவே கூடாது. பைபாடுக்கு அடியில் தனியாக ஒரு விரிப்போ தட்டையான பலகையோ போடுங்கள். முன்னாலிருந்து பின்பை வரை ஒரே பலகையாக நீட்டினால் விதிமீறல், முன்னால் தனி, பின்னால் தனி என்று இருக்க வேண்டும். பின்னால் மெக்கானிக்கல் ஏற்ற இறக்கம் வைத்த தாங்கியும் கூடாது, பைதான். அளவு பற்றி உங்கள் போட்டி நடத்துபவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

விரிப்பு வாங்கும்போது முடி நீளமாக இல்லாமல், இழை இறுக்கமாக இருப்பதைத் தேடுங்கள். பாதம் அதில் புதையக் கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் கையால் தடவிப் பாருங்கள். ஒரே ஒரு மணல் துகள் ஒரு பாதத்துக்கு அடியில் மாட்டினால் போதும், அந்தக் கால் தங்கும், இன்னொரு கால் ஓடும், ரைஃபிள் திரும்பிவிடும். இதைக் காற்று என்று நினைத்துக் குழம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். புல்தரையில் விரிப்பைப் போட்டதும் பைபாடை வைத்து இரண்டு பக்கமும் நன்றாக அழுத்தி உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் சுற்று நடுவில் ஒரு கால் இறங்கிக்கொண்டே போகும், நீர்மட்டக் குமிழும் அதோடு நகரும்.

மேடுபள்ளம்

எங்கள் பக்கம் இதற்கு நேர் எதிர். சரளையில் ரப்பர், மண்ணில் கூர்நகம். பாதத்தை மாற்றும் வசதி உள்ள பைபாடாக வாங்கினால் நல்லது.

தொடுவானம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அலுமினியம் வைத்து நானே ஒரு அகலக் கால் செய்துகொள்ளலாமா? பார்க்க எளிமையாகத்தான் இருக்கிறது.

பட்டறைக்காரர்

தாராளமாகச் செய்யலாம், நிறையப் பேர் செய்கிறார்கள். கால்கள் எளிது. ரைஃபிளோடு சேரும் மூட்டும் உயரம் மாற்றும் திருகும்தான் கடினம். அங்கே இம்மியளவு ஆட்டம் இருந்தாலும் மொத்த உழைப்பும் வீண். மூட்டுப் பகுதியை மட்டும் நல்ல கடைசல் வேலைக்காரரிடம் கொடுங்கள். இரண்டு பாதங்களும் ஒன்றுக்கொன்று இணையாக, பேரல் திசையில் இருக்க வேண்டும். ஒன்று லேசாக உள்ளே திரும்பியிருந்தால் ரைஃபிள் நேராக ஓடாது.

வலதுகண்

சரி, முடிவுக்கு வந்துவிட்டேன். ஸ்டட் போகிறது, ஆர்கா ரெயில் வருகிறது. எஃப்-டிஆருக்கு வழுக்கும் பாதமுள்ள அகலக் கால், கம்பி இல்லாத எளிய வகை. முதலில் நேராக ஓட வைக்கப் பழகுகிறேன். ஜாய்பாட் பிறகு பார்க்கலாம். ரெயிலையும் சேர்த்து எடை போட்டேன், 8.25-க்கு உள்ளேதான் நிற்கிறது. ஹாரிஸை விற்கவில்லை, .22 பயிற்சி ரைஃபிளுக்குப் போகிறது. பிஆர்எஸ் பைபாட் அடுத்த பருவத்துக்கு.

கடைசியாக ஒரு சந்தேகம். புதுசு வந்ததும் அது சரியாக வேலை செய்கிறது என்று எதை வைத்து முடிவு செய்வது? இலக்கில் குண்டுகள் விழுந்த குழுவின் அளவை வைத்தா?

நெடுந்தூரன்

குழுவின் அளவில் தோட்டா, காற்று, உங்கள் மூச்சு எல்லாம் கலந்திருக்கும், அதை வைத்துப் பைபாடை எடைபோட முடியாது. ரெட்டிகிள் எங்கே போய் நிற்கிறது என்பதைப் பாருங்கள். ஒரு குண்டு சுட்டதும் எதையும் தொடாதீர்கள், கன்னத்தையும் எடுக்காதீர்கள். ரெட்டிகிள் இலக்கின் எந்த இடத்தில் நிற்கிறதோ அதைக் குறிப்பேட்டில் ஒரு புள்ளியாக வையுங்கள். அப்புறம் ரைஃபிளை முன்னே தள்ளி, அடுத்த குண்டு. பத்துப் புள்ளிகள் சேர்ந்ததும் பாருங்கள். எல்லாம் நடுவுக்கு மேலேயோ கீழேயோ ஒரே செங்குத்துக் கோட்டில் இருந்தால் பைபாட் நேராக ஓடுகிறது. ஒரே பக்கமாகச் சேர்ந்திருந்தால் உங்கள் உடம்பின் கோணத்தை மாற்றுங்கள். இங்கும் அங்கும் சிதறியிருந்தால் எங்கேயோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது அல்லது விரிப்பு நகர்கிறது.

பட்டறைக்காரர்

திருகு என்றதும் சொல்கிறேன். புது ரெயில் போட்ட முதல் சில நாள் ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் திருகுகளைச் சோதியுங்கள். தலையிலிருந்து ரெயில் வரை பெயிண்ட் பேனாவால் ஒரு சின்னக் கோடு இழுத்து வைத்தால், திரும்பியிருக்கிறதா என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.